ஸ்பீடுக்காக சாவியைக் கொடுக்கும் புண்ணியவான்களே!

பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவுன்னு நெனச்சு மத்தவங்க ஓடிடாதீங்க. தினமும் எத்தனை எடத்துல பாஸ்வேர்டு அடிச்சு உள்ள போறீங்கன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. பேங்க், ரயில் டிக்கெட், மளிகை, புள்ளையோட ஸ்கூல், ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டு. அந்தக் கதவுக்கெல்லாம் பூட்டு மாட்டுறது என்னை மாதிரி ஆளுங்கதான். எப்படி மாட்டுறோம்னு தெரிஞ்சா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது :-)

நம்ம துறையில ரெண்டு கோஷ்டி இருக்கு. முதல் கோஷ்டி, "அசிம்மெட்ரிக் கையெழுத்துக்கு மாறுங்க, யூசர் லாகின் சும்மா பறக்கும்"னு பிட்டு போடும். ரெண்டாவது கோஷ்டி, "அதெல்லாம் ஆமை வேகம், ஹெச்மேக்தான் ராக்கெட்டு, ஒரே ரகசியச் சாவி போதும்"னு பதிலுக்கு ஜல்லி அடிக்கும். ரெண்டு பேர் கையிலயும் ஸ்டாப் வாட்ச் இருக்கும். சாவி யார் கையில இருக்குன்னு மட்டும் ரெண்டு பேரும் பார்க்க மாட்டாங்க.

என் கட்சியை இப்பவே சொல்லிடுறேன். கேட்க வேண்டிய கேள்வி "எது வேகம்" இல்லை. "கையெழுத்து போடுற அதிகாரம் யாருக்கு, சரிபார்க்கிற அதிகாரம் யாருக்கு" என்பதுதான். ரெண்டையும் ஒரே சாவியில வெச்சுட்டு, அந்தச் சாவியைக் கண்ட சர்வருக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுக்குறது சோம்பேறித்தனம். அதுக்கு ஸ்பீடுன்னு பேர் வைக்காதீங்க.

பஸ் பாஸ் கதை

துறை சாராதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க அடுத்த பகுதிக்குத் தாவிடலாம்.

பழைய முறையில நீங்க லாகின் பண்ணினதும் சர்வர் ஒரு நம்பர் கொடுக்கும். அடுத்தடுத்து நீங்க எதைக் கிளிக்கினாலும், "இந்த நம்பர் யாருப்பா?"ன்னு டேட்டாபேஸ்ல போய்க் கேட்கும். ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் கண்டக்டர் டிப்போவுக்குப் போன் போட்டு "இவரு பாஸ் வாங்கினவர்தானா?"ன்னு விசாரிக்கிற மாதிரி.

டோக்கன் முறை அப்படியில்லை. மாதாந்திர பஸ் பாஸ் மாதிரி பேரு, தேதி எல்லாம் அதுலயே எழுதியிருக்கும். கீழ ஒரு முத்திரை. கண்டக்டர் பாஸைப் பார்த்தாலே போதும், டிப்போவுக்குப் போன் தேவையில்லை. இப்படி ஒரு டோக்கனுக்கு ஊரே ஒத்துக்கிட்ட வடிவம்தான் ஜேடபிள்யூடி. 2015 மே மாசம் ஆர்எஃப்சி 7519ன்னு தரநிலை ஆச்சு. அதுக்குள்ள இருக்குறதை யார் வேணும்னாலும் படிக்கலாம். முத்திரை கெடாம மாத்தி எழுத மட்டும் முடியாது. (இதைத் தெரியாம அதுக்குள்ளயே போன் நம்பர், பொறந்த தேதி எல்லாம் தூக்கிப் போடுற மகான்களும் இருக்காங்க. அவங்களுக்குத் தனிப் பதிவு வரும்.)

சரி, முத்திரை உண்மையானதான்னு கண்டக்டருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வழி.

முதல் வழி: எல்லா கண்டக்டர் கையிலயும் அதே ரப்பர் ஸ்டாம்பைக் கொடுத்துடறது. அவர் ஒரு துண்டுப் பேப்பர்ல தானும் ஒரு முறை குத்திப் பார்ப்பார். ரெண்டும் ஒண்ணா இருந்தா பாஸ் ஒரிஜினல். ஹெச்மேக் அப்படியே இதுதான். சரிபார்க்கிற சர்வரும் அதே ரகசியச் சாவியால முத்திரையைத் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்குது. அதாவது சரிபார்க்கத் தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் புது பாஸ் அடிக்கவும் தெரியும்.

ரெண்டாவது வழி: ஸ்டாம்பு டிப்போ பீரோவுக்குள்ள. கண்டக்டர்கிட்ட முத்திரையோட மாதிரிப் படம் மட்டும். நிஜ உலகத்துல படத்தை வெச்சு ஆசாரி புது ஸ்டாம்பு செதுக்கிடுவார். கணக்கு உலகத்துல அது முடியாது. 1977ல ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன்னு மூணு பேர் கண்டுபிடிச்ச ஆர்எஸ்ஏ-வோட மகிமையே அதுதான். தனிச்சாவியால கையெழுத்து போடலாம், பொதுச்சாவியால சரிபார்க்கலாம். பொதுச்சாவியை நடுத்தெருவுல போஸ்டர் அடிச்சு ஒட்டினாலும் அதை வெச்சுக் கையெழுத்து போட முடியாது. அசிம்மெட்ரிக்னா இவ்வளவுதான்.

இப்ப ஸ்டாப் வாட்சை எடுங்க

வேகம்னு பேசறவங்களுக்காக வேகத்தையும் பேசிடுவோம். சாதாரண சர்வர்ல ஒரு டோக்கனை ஹெச்எஸ்256-ல சரிபார்க்க ஏறக்குறைய ஒரு மைக்ரோ செகண்டு. ஆர்எஸ்ஏ 2048 பிட் கையெழுத்தைச் சரிபார்க்கச் சில பத்து மைக்ரோ செகண்டு. கையெழுத்து போடத்தான் நேரம் எடுக்கும், அரை மில்லி செகண்டு, ஒரு மில்லி செகண்டுன்னு போகும். இஎஸ்256, எட்25519 மாதிரி நீள்வளைவுக் கையெழுத்துகள் இதுக்கு நேர் எதிர். போடுறது படுவேகம், சரிபார்க்குறது நூறு மைக்ரோ செகண்டு பக்கம் வரும்.

ஆக ரெண்டாவது கோஷ்டி சொல்றது கணக்குப்படி சரி. ஹெச்மேக் பத்து மடங்கு, நூறு மடங்கு வேகம்தான். ஆனா எதுல நூறு மடங்கு? மைக்ரோ செகண்டுல. ஒரே டேட்டா சென்டருக்குள்ள ஒரு சர்வர் இன்னொரு சர்வரைக் கேட்டுட்டு வர்றதுக்கே அரை மில்லி செகண்டு, அதாவது ஐநூறு மைக்ரோ செகண்டு ஆகும்னு நம்ம துறையில ரொம்ப நாளா ஒரு வாய்ப்பாடு இருக்கு. ஒரே ஒரு டேட்டாபேஸ் கேள்வியை மிச்சம் பண்ணினாலே ஆர்எஸ்ஏ சரிபார்ப்போட மொத்தச் செலவும் வசூலாகி, டீக்குச் சில்லறையும் மிஞ்சும். நூறு பேர் நிக்கிற ரேஷன் கடை வரிசையில நின்னுக்கிட்டு, வீட்டுலயிருந்து ஓடி வந்தேனா நடந்து வந்தேனான்னு சண்டை போடுறதுல என்ன பிரயோஜனம்?

முதல் கோஷ்டிக்கும் ஒரு குட்டு. லாகின் எதனால மெதுவா இருக்கு? பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற பிகிரிப்ட் மாதிரி சமாச்சாரம், திருடன் கோடிக்கணக்குல யூகிச்சுப் பார்க்க முடியாதபடி வேணும்னே மெதுவா இருக்கும்படி செஞ்சது. அது மெதுவாத்தான் இருக்கணும். எந்தக் கையெழுத்தும் அதை வேகமாக்காது. லாகினுக்கு அப்புறம் வர்ற ஆயிரம் கிளிக்குலதான் நேரம் மிச்சமாகுது. அந்த மிச்சம் ஹெச்மேக் டோக்கன்லயும் கிடைக்கும். போதாததுக்கு ஆர்எஸ்256 கையெழுத்து மட்டுமே 342 எழுத்து நீளம். இஎஸ்256-ன்னா 86, ஹெச்எஸ்256-ன்னா 43. ஒவ்வொரு கிளிக்குக்கும் அது கூடவே பயணம் பண்ணும். "ஸ்பீடுக்காக அசிம்மெட்ரிக்"னு விக்கிறவர்கிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க, பேச்சை மாத்திடுவார்.

அப்ப ஏன் எல்லாரும் ஹெச்எஸ்256-லயே கெடக்குறாங்க?

தரநிலையே அப்படி. ஜேடபிள்யூடி நூலகம் எழுதறவங்க கட்டாயம் சேர்க்க வேண்டிய வழிமுறைகள் ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஹெச்எஸ்256, இன்னொண்ணு "நன்", அதாவது கையெழுத்தே வேண்டாம்ங்கிறது. (சிரிக்காதீங்க, நிஜம்.) அதனால பாடம் எடுக்குற ஒவ்வொருத்தரும் ஹெச்எஸ்256-ல ஆரம்பிக்குறாங்க. உதாரணத்துல ரகசியச் சாவியா "சீக்ரெட்"டுன்னு ஒரு வார்த்தையை எழுதறாங்க. நம்ம ஆளு அதை அப்படியே காப்பி அடிச்சு, ரொம்ப புத்திசாலியா இருந்தா கம்பெனி பேரோட 123 சேர்த்து, நேரா லைவ்ல போடுறார். இந்தச் சாவி குறைஞ்சது 256 பிட் இருக்கணும்னு ஆர்எஃப்சி 7518 தெளிவா சொல்லுது. யார் படிக்கிறா? ஒரே ஒரு டோக்கன் கையில கிடைச்சா போதும், வீட்டுல உக்காந்து, உங்க சர்வரைத் தொடாமலே, கோடிக்கணக்கான வார்த்தைகளைப் போட்டுப் பார்த்துச் சாவியைக் கண்டுபிடிக்கலாம். உங்க லாக்ல ஒரு வரி விழாது.

சரி, நல்ல நீளமான சாவியே வெச்சீங்கன்னு வைப்போம். ஆரம்பத்துல ஒரு சர்வர். அப்புறம் பில் போட ஒண்ணு, எஸ்எம்எஸ் அனுப்ப ஒண்ணு, ரிப்போர்ட்டுக்கு ஒண்ணு, வெளியாளுக்கு ஒப்பந்தம் விட்ட சாட் பெட்டி ஒண்ணு. எல்லாத்துக்கும் யூசர் யாருன்னு தெரியணும். எல்லாத்துக்கும் அதே சாவி. இப்ப எஸ்எம்எஸ் அனுப்புற ஓட்டை சர்வர்ல ஒருத்தன் பூந்தா, அவன் உங்க அட்மினா, உங்க முதலாளியா, உங்க எந்தக் கஸ்டமராவும் டோக்கன் அடிச்சுக்கலாம். கூரையில ஓட்டை இருக்குற மாட்டுக்கொட்டாய்லதான் வீட்டு பீரோ சாவியும் தொங்குது.

பழி யார் மேல?

திருட்டை விட எனக்குக் கோபம் வர்ற விஷயம் இது.

நான் பக்கத்துல இருந்து பார்த்த ஒரு எடம், பேரு வேண்டாம். பத்துப் பதினோரு சர்வர், ஒரே சாவி. சாவி எல்லார் லேப்டாப்லயும், பத்தாததுக்கு ஒரு வாட்ஸப் குழுவுலயும். ஒரு நாள் யாரோ அட்மின் பேர்ல ஒரு டோக்கன் தயார் பண்ணி, சில கஸ்டமர் கணக்குகளைத் திறந்து பார்த்திருந்தாங்க. டோக்கன்ல கையெழுத்து பக்காவா இருந்துச்சு. லாகின் சர்வர் லாக்ல மட்டும் அப்படி ஒரு டோக்கன் கொடுத்ததாத் தடயமே இல்லை. யார் அடிச்சது? சாவி வெச்சிருந்த யார் வேணும்னாலும். அதாவது எல்லாரும்.

பெரிய மீட்டிங் நடந்துச்சு. கடைசியா கை நீண்டது ஒப்பந்தத்துல வந்து மூணே மாசம் ஆன ஒரு சின்னப் பையனை நோக்கி. அவன் செஞ்சான்னு ஒரு ஆதாரம் இல்லை. அவன் செய்யலைன்னு நிரூபிக்கவும் வழியில்லை. அந்த ஏற்பாட்டுல யாராலயும் நிரூபிக்க முடியாது. அடுத்த வாரம் அவனோட பேட்ஜ் வேலை செய்யலை. சாவியை வாட்ஸப்ல போட்டவருக்கு அந்த வருஷம் சம்பளம் ஏறுச்சு.

பொதுச் சாவி முறையா இருந்திருந்தா கேள்வி ஒரே வரியில முடிஞ்சிருக்கும். கையெழுத்து போடக்கூடிய மிஷின் ஒண்ணே ஒண்ணு, அதைத் தொடக்கூடியவங்க ரெண்டு பேர். அந்தப் பையன் லிஸ்ட்லயே இருந்திருக்க மாட்டான். "நான் போடலை"ன்னு சொல்றதுக்கு ஒருத்தனுக்கு உரிமை வேணும்னா, "அவன் போட்டிருக்கவே முடியாது"ன்னு சொல்லக்கூடிய ஏற்பாடு வேணும். இது சட்டத்துக்கே தெரிஞ்ச விஷயம்ங்க. நம்ம நாட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல டிஜிட்டல் கையெழுத்துன்னு ஒத்துக்கிட்டது அசிம்மெட்ரிக் முறையைத்தான். ரெண்டு பேர்கிட்ட ஒரே பேனா, ஒரே கையெழுத்து இருந்தா, அதைக் கையெழுத்துன்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க?

பெரிய எடத்துக் கதைகள்

"இதெல்லாம் சின்னக் கம்பெனி பிரச்சினை"ன்னு சொல்றவங்களுக்கு 2011 மார்ச். செக்யூர்-ஐடின்னு சாவிக்கொத்துல மாட்டுற குட்டி சாதனம், நிமிஷத்துக்கொரு நம்பர் காட்டும். ஒவ்வொரு சாதனத்துக்குள்ளயும் ஒரு ரகசிய எண், அதே எண் சரிபார்க்கிற சர்வர்லயும் இருக்கும். விக்கிற கம்பெனிக்குள்ள பூந்தவங்க அந்தச் சாதனங்கள் சம்பந்தப்பட்ட தகவல்களை அள்ளிட்டுப் போனாங்க. அதை வெச்சு லாக்ஹீட் மார்ட்டின் ஆயுதக் கம்பெனி மேல தாக்குதல் முயற்சி நடந்து, கடைசியில வாடிக்கையாளர்களோட சாதனங்களை மாத்தித் தரோம்னு சொல்ல வேண்டியதாச்சு. அந்தக் கம்பெனி பேரு என்ன தெரியுமா? ஆர்எஸ்ஏ! ஆர்எஸ்ஏங்கிற அசிம்மெட்ரிக் முறையைக் கண்டுபிடிச்ச மூணு பேரோட பேர் தாங்கின கம்பெனி, ரெண்டு பக்கமும் ஒரே ரகசியம் இருக்குற பொருளை வித்து மாட்டிக்கிச்சு. ஊருக்கு உபதேசம்னு இதைத்தான் சொல்லுவாங்க போல.

நல்லபடியா நடந்த கதையும் உண்டு. 2021 ஜூலையில ஐரோப்பிய ஒன்றியத்துல கோவிட் சான்றிதழ் வந்துச்சு. ஒவ்வொரு நாடும் தன் தனிச்சாவியால கையெழுத்து போட்டுச்சு, மத்த நாட்டு ஏர்போர்ட்ல பொதுச்சாவியால சரிபார்த்தாங்க. ஒவ்வொரு பயணிக்கும் அவங்க நாட்டு ஆஸ்பத்திரியைக் கேட்கத் தேவை இருக்கலை. அதுல ஒரே ரகசியச் சாவியைப் பங்கு போட்டிருந்தாங்கன்னா? சோதிக்கிற ஒவ்வொரு மிஷினும் ஊசி போட்ட சான்றிதழ் அடிக்கிற பிரஸ் ஆகியிருக்கும். ஏர்போர்ட்ல யாருக்கும் தோணாத கிறுக்குத்தனம், நம்ம ஆபீஸ்ல மட்டும் "சிம்பிள் டிசைன்" ஆயிடுது.

எதிர்க்கட்சி வாதம்

"அசிம்மெட்ரிக்கும் உடைஞ்சிருக்கே?"ன்னு கேப்பீங்க. உடைஞ்சிருக்கு. மறைக்க மாட்டேன்.

2015ல டிம் மெக்லீன்னு ஒருத்தர் ஒரு ஓட்டையை வெளிச்சம் போட்டார். எந்த வழிமுறையில சரிபார்க்கணும்னு டோக்கனோட தலைப்புலயே எழுதியிருக்கும். பல நூலகங்கள் அதை அப்படியே நம்புச்சு. ஆர்எஸ்256-ன்னு இருக்குறதை ஹெச்எஸ்256-ன்னு மாத்தி, ஊரறிஞ்ச பொதுச்சாவியையே ரகசியச் சாவியாப் போட்டு முத்திரை குத்தினா, சர்வர் கும்பிட்டு உள்ள விட்டுச்சு. எந்தப் பூட்டுல சோதிக்கணும்னு திருடனே சொல்றான், வாட்ச்மேன் தலையாட்டுறார்! 2022ல ஜாவா 15-லேருந்து 18 வரைக்கும் இன்னொரு கூத்து. கையெழுத்துல ரெண்டு எண்ணும் பூஜ்யமா இருந்தா, எந்தச் செய்திக்கும் அது சரியான கையெழுத்துன்னு ஒத்துக்கிச்சு.

2023ல நடந்தது இதுக்கெல்லாம் அப்பன். ஸ்டார்ம்-0558ன்னு பேர் வெச்ச கும்பல் கையில மைக்ரோசாஃப்டோட ஒரு கையெழுத்துச் சாவி சிக்குச்சு. 2016ல செஞ்ச சாவி. தனிநபர் கணக்குகளுக்கான அந்தச் சாவியால போட்ட கையெழுத்தை, நிறுவன மெயில் சர்வரும் ஏத்துக்கிச்சு. அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மெயில் போச்சு. 2024ல வந்த அமெரிக்க அரசு விசாரணைக் குழு அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடியதுன்னு குட்டு வெச்சுது. கைமுறையா சாவி மாத்துனப்ப பெரிய அவுட்டேஜ் ஆனதால, 2021ல அந்தச் சாவி மாத்துற வேலையையே நிறுத்திட்டாங்களாம்!

இந்தக் கதைகள்ல கணக்கு எங்கயும் தோத்துப் போகலை. திருடன் சொன்ன வழிமுறையை நம்பினது, யார் சாவி எந்தக் கதவுக்குன்னு பார்க்காதது, சாவியை மாத்தாதது, நிரல்ல பூஜ்யத்தைச் சோதிக்க மறந்தது, எல்லாம் மனுஷன் வேலை. பூட்டு நல்லதா இருந்தும் திருட்டுப் போச்சுன்னா, பூட்டே வேண்டாம்னு ஆயிடுமா?

சரி, என்னதான்யா பண்ணச் சொல்ற?

1. உங்ககிட்ட இருக்குறது ஒரே ஒரு சர்வர்னா இந்தக் கூத்தே வேண்டாம். பழைய குக்கி, பழைய செஷன் போதும். லாகவுட் சொன்னா நிஜமாவே லாகவுட் ஆகும். ஃபேஷனுக்காக டோக்கன் போடாதீங்க.

2. ரெண்டாவது சர்வர் சரிபார்க்க ஆரம்பிக்கிற அன்னிக்கே அசிம்மெட்ரிக்குக்கு மாறுங்க. "அப்புறம் பார்த்துக்கலாம்"னா பதினோராவது சர்வர் வந்தும் பார்க்க மாட்டீங்க. தனிச்சாவி ஒரே எடத்துல. மத்தவங்களுக்குப் பொதுச்சாவி மட்டும்.

3. எந்த வழிமுறைன்னு உங்க நிரல்ல நீங்களே எழுதுங்க, டோக்கன்கிட்ட கேட்காதீங்க. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எப்ப காலாவதின்னு மூணையும் பாருங்க. 2020ல வந்த ஆர்எஃப்சி 8725-ல எல்லாம் இருக்கு, ஒரு மதியத்துல படிச்சிடலாம்.

4. டோக்கன் ஆயுசு நிமிஷக் கணக்குல இருக்கணும். என் ஓட்டு பத்து நிமிஷத்துக்கு. டிப்போவுக்குப் போன் போடாத கண்டக்டருக்கு, பாஸ் ரத்தான சேதி தெரியாது. முப்பது நாள் டோக்கன் கொடுத்துட்டு ஸ்க்ரீன்ல "லாகவுட் ஆகிவிட்டீர்கள்"னு காட்டுறது பச்சைப் பொய். செல்போன் திருட்டுக் கொடுத்தவங்க அந்தப் பொய்யை நம்பி நிம்மதியாத் தூங்குவாங்க.

5. சாவியை மாத்திப் பழகுங்க. புதுசு, பழசு ரெண்டையும் கொஞ்ச நாள் சேர்த்து வெச்சு, அப்புறம் பழசைத் தூக்கிடுங்க. ஒண்ணும் நடக்காத நாள்ல மாத்திப் பார்க்காதவங்க, நடக்குற நாள்ல நடுராத்திரி மூணு மணிக்கு மாத்துவாங்க.

இதுல ஒண்ணுகூட ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சாவி செய்ய ஒரு கட்டளை, நிரல்ல சில வரி, ரெண்டு நாள் வேலை. அந்த ரெண்டு நாள் இல்லைன்னு சொல்ற மேனேஜர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நாளைக்கு ஒரு போலி டோக்கன் வந்தா, நம்ம டீம்ல யார் யார் செஞ்சிருக்க முடியாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?" பதில் வரலைன்னா, அந்த டீம்லயே சம்பளம் கம்மியான ஆளுதான் அன்னிக்குப் பலி. அது நீங்களாக்கூட இருக்கலாம்.

டிஸ்கி: "மைக்ரோ செகண்டும் முக்கியம்தான், நாங்க பங்குச் சந்தைக்கு நிரல் எழுதறோம்"னு கிளம்பி வர்றவங்களுக்கு: உங்களுக்கு விதிவிலக்கு உண்டு சாமி. ஆனா முறுக்கு டெலிவரி பண்ற ஆப்புக்கு இந்தச் சாக்கைச் சொல்லாதீங்க :-)